வீல் வாங்கி மூன்று வாரம் ஆகிறது, கேம்பேடில் ஓட்டியதைவிட மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்

இரண்டாம்_கியர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் ரேஸ் கேம்களை ஆறு வருடமாக கேம்பேடிலேயே, அதாவது கையில் பிடித்து விரலால் இயக்கும் கன்ட்ரோலரிலேயே, ஓட்டி வந்தவன் நான். ரொம்ப நாள் காசு சேர்த்து, போன மாதம்தான் ஸ்டியரிங் வீல் வாங்கினேன். உள்ளே பல்சக்கரத்தில் இயங்கும் மாடல். 900 டிகிரி சுற்றும். ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச் என்று மூன்று பெடல். முதல் தடவை இணைப்பு கொடுத்ததும் அதுவாகவே இடதுகோடி வரை சுற்றி, வலதுகோடி வரை சுற்றி, நடுவில் வந்து நின்றது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் மூன்று வாரம் கழித்தும் கேம்பேடில் ஓட்டிய நேரத்தை நெருங்க முடியவில்லை. அசெட்டோ கோர்சா என்ற கேமில் பிஎம்டபிள்யூ எம்3 ஈ30 வண்டி, மோன்சா டிராக். ஒரு லேப்புக்கு நான்கு நொடி மெதுவாக இருக்கிறேன். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை அணைத்துவிட்டு ஓட்டுகிறேன், முதல் சிக்கேனில் (வேகத்தைக் குறைக்க அடுத்தடுத்து எதிரெதிராக வைத்த வளைவுகள்) முன்சக்கரம் பூட்டிக்கொண்டு நேராகப் போய்விடுகிறது. இரண்டாவது லெஸ்மோ வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்பக்கம் நழுவுகிறது, நான் எதிர்ப்பக்கம் திருப்புவதற்குள் வண்டி முழுசாகச் சுற்றிவிடுகிறது. கேம்பேடில் இந்த இரண்டு இடமும் எனக்குப் பிரச்சினையாக இருந்ததே இல்லை.

இப்போதைய நிலவரம் இதுதான்: டெஸ்க்கில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறேன். வீல் முன்னால் இடத்தை எடுத்துக்கொள்வதால் 27 அங்குல மானிட்டரைப் பின்னால் தள்ளிவிட்டேன், கண்ணிலிருந்து 90 செ.மீ. இருக்கும். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. ஃபோர்ஸ் ஃபீட்பேக் (வீல் கைக்குத் தரும் எதிர்விசை) அமைப்புகள் எல்லாமே 100. கேம்பேட் மாதிரி சட்டென்று திரும்ப வேண்டும் என்று வீல் சுற்றும் அளவை 360 டிகிரியாகக் குறைத்து வைத்திருக்கிறேன்.

அரை மணி நேரத்தில் முன்கை வலிக்கிறது. இதை விற்றுவிட்டு டைரக்ட் டிரைவ் வாங்கலாமா, இல்லை கேம்பேடுக்கே திரும்பிவிடலாமா என்று ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள்.

---

நேர்கோடு எழுதியது:

என் அனுபவத்தில் டைரக்ட் டிரைவுக்குப் போவதுதான் சரி. உங்கள் வீலில் மோட்டாருக்கும் கைக்கும் நடுவில் பல்சக்கரம் இருக்கிறது. நடுப்பகுதியில் ஒரு சின்ன தளர்வு இருக்கும், அந்த இடத்தில் கைக்கு ஒன்றுமே தெரியாது. டைரக்ட் டிரைவில் மோட்டாரின் அச்சிலேயே வீல் மாட்டியிருக்கும், அதனால் அந்தத் தளர்வுக்கு இடமில்லை. பல்சக்கர வீல்கள் சுமார் 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைதான் தரும். 2021இல் வந்த ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி என்ற டைரக்ட் டிரைவ் மாடல் 5 தருகிறது, தனி பவர் சப்ளை போட்டால் 8. மோசா ஆர்5 மாடல் தருவது 5.5. கையில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

---

உள்விளிம்பு எழுதியது:

நேர்கோடு சொன்ன எண்கள் எல்லாம் சரி. நானும் பல்சக்கரம், பெல்ட், டைரக்ட் டிரைவ் என்று மூன்றையும் தாண்டி வந்தவன்தான். ஆனாலும் சொல்கிறேன், இப்போது விற்காதீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் அந்த நான்கு நொடியில் வீலின் பங்கு கொஞ்சம்தான் என்று தெரிகிறது. மீதியெல்லாம் நாற்காலியிலும் பெடலிலும் அமைப்புகளிலும் இருக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கேம்பேடில் நீங்கள் குச்சியை ஒரு பக்கம் முழுசாகத் தள்ளினால், கேம் முன்சக்கரத்தை உடனே முழுசாகத் திருப்பாது. வேகத்துக்கு ஏற்ற மாதிரி திருப்பத்தைக் குறைக்கும், உங்கள் விரலின் நடுக்கத்தை வழித்தெடுக்கும், எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்பதற்கும் ஒரு வரம்பு வைக்கும். ஆறு வருடமாக உங்களோடு சேர்ந்து கேமும் ஓட்டிக்கொண்டிருந்தது. வீலை இணைத்ததும் அந்த உதவி முழுவதும் போய்விட்டது. இப்போது முழுசாக நீங்கள்தான் ஓட்டுகிறீர்கள். மூன்று வாரத்தில் நான்கு நொடிதான் பின்னால் என்றால் அது நல்ல நிலைமை, நம்புங்கள்.

அடுத்து 360 டிகிரி. இதை இன்றைக்கே மாற்றுங்கள். வீலுக்கான டிரைவர் மென்பொருளிலும் 900, கேமிலும் 900. எந்த வண்டிக்கு எவ்வளவு வேண்டுமோ அதை கேமே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஈ30 ஒரு சாலை வண்டி, அதன் ஸ்டியரிங் நிறைய சுற்ற வேண்டியது. நீங்கள் 360இல் வைத்திருப்பதால் கை ஒரு பங்கு அசைந்தால் முன்சக்கரம் இரண்டரை பங்கு அசைகிறது. லெஸ்மோவில் பின்பக்கம் நழுவும்போது நீங்கள் எதிர்ப்பக்கம் திருப்புவது தாமதம் என்று நினைக்கிறீர்கள், அதிகமாகத் திருப்புவதும் சேர்ந்திருக்கும். அதனால்தான் முழுச் சுற்று.

வீலை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்பதும் முன்கை வலியிலிருந்தே தெரிகிறது. பின்பக்கம் நழுவும்போது முன்சக்கரங்கள் வண்டி போகும் திசையை நோக்கித் தாமாகவே திரும்பப் பார்க்கும். அதாவது எதிர்ப்பக்கம் திருப்பும் வேலையில் பாதியை வீலே செய்யும். இறுக்கிப் பிடித்தால் அதைத் தடுத்துவிடுகிறீர்கள். விரல்களைத் தளர்த்தி, வீல் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு ஓட விடுங்கள், நேராகும் இடத்தில் மட்டும் பிடியுங்கள். எனக்கு இது பிடிபட இரண்டு மாதம் ஆனது. பிடிபட்ட நாளில் வெறும் மைதானத்தில் வண்டியை வட்டமாகச் சுற்ற விட்டு ஒரு மணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தேன்.

இப்போது ஃபோர்ஸ் 100 என்று வைத்திருப்பதைப் பற்றி. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்கள் வீல் வாங்கியதே இதற்காகத்தான்.

மோன்சாவில் கடைசி வளைவு பாரபோலிகா இருக்கிறதே, நீளமான வலது வளைவு. உள்ளே போகப் போக வீல் கனமாகிக்கொண்டே வர வேண்டும். டயர் தரையைத் தொடும் பட்டையில் பக்கவாட்டு விசை நடுவில் விழுவதில்லை, சற்றுப் பின்னால் விழுகிறது. அதனால்தான் வீல் எப்போதும் நேராக நிற்கப் பார்க்கிறது, அந்த எதிர்ப்புதான் கையில் கனமாகத் தெரிகிறது. பிடிப்பின் எல்லை நெருங்கும்போது அந்தப் புள்ளி முன்னால் நகர்ந்துவிடும். அப்போது வண்டி வழுக்குவதற்குச் சற்று முன்பே வீல் லேசாகிவிடும். கெட்டித் தயிரில் விட்ட கரண்டி திடீரென்று மோரில் இறங்கின மாதிரி. முன்பக்கம் இனி அதிகம் தாங்காது என்று டயர் உங்களுக்குச் சொல்லும் செய்தி அது. திரையைப் பார்த்து இது தெரியாது, கையில்தான் தெரியும்.

உங்கள் மோட்டாரால் 2 நியூட்டன் மீட்டர்தான் தர முடியும். எல்லாவற்றையும் 100இல் வைத்தால் கேம் அதற்கு மேல் கேட்கும், மோட்டார் உச்சத்திலேயே நின்றுவிடும். பாரபோலிகா தொடக்கத்திலும் உச்சம், நடுவிலும் உச்சம், எல்லையிலும் உச்சம். கனமாவதும் தெரியாது, லேசாவதும் தெரியாது. கை வலி மட்டும் மிச்சம். இதைத்தான் கிளிப்பிங் என்பார்கள். அசெட்டோ கோர்சாவில் பெடல் ஆப்பைத் (பெடல் அழுத்தத்தைத் திரையில் காட்டும் சின்னப் பெட்டி) திறந்தால் பிரேக், ஆக்சிலரேட்டர் பட்டைகளுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருக்கும், அது ஃபோர்ஸ் ஃபீட்பேக். உச்சத்தைத் தொட்டால் சிவப்பாகும். பாரபோலிகா நடுவில் அது சிவப்பாகவே நின்றால் குறையுங்கள். கெர்ப் (பாதையின் ஓரத்து மேடான விளிம்பு) மேல் ஏறும்போது ஒரு நொடி சிவந்தால் பரவாயில்லை. கெர்ப் எஃபெக்ட், ரோடு எஃபெக்ட், ஸ்லிப் எஃபெக்ட் மூன்றையும் பூஜ்யமாக்குங்கள். அவை டயரிலிருந்து வரும் விசை கிடையாது, மேலே தூவிய அதிர்வு. சத்தமும் குறையும்.

நாற்காலி. அதை மாற்றச் சொல்லவில்லை, நகராமல் செய்யச் சொல்கிறேன். பிரேக்கை மிதிக்கும்போது நாற்காலி ஒரு விரல் அகலம் பின்னால் போனாலும் கால் அழுத்தியது பெடலுக்குப் போகவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு போகும், அதனால் கால் எதையும் கற்றுக்கொள்ளாது. நாற்காலியின் ஐந்து சக்கரத்தையும் ஆளுக்கொரு பழைய ஷூவுக்குள் இறக்கிவிடுங்கள், ஆணி அடித்த மாதிரி நிற்கும். பெடல் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை வையுங்கள். செலவில்லாத வேலை. எனக்கு ஒரு வருடம் யாரும் இதைச் சொல்லவில்லை, அந்த வருடத்தை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

மானிட்டரை 90 செ.மீ. தள்ளி வைத்துவிட்டு, கேமில் திரை எவ்வளவு பரப்பைக் காட்ட வேண்டும் என்கிற பார்வைக் கோணத்தை அப்படியே விட்டிருப்பீர்கள். முடிந்தால் வீலுக்கு ஒட்டிக் கொண்டுவாருங்கள், 60 செ.மீ. போதும். அந்தத் தூரத்தில் 27 அங்குலத் திரைக்குச் செங்குத்துக் கோணம் சுமார் 31 டிகிரி, கேமிலும் அதையே வையுங்கள். முதலில் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கும். நாலு நாள் பொறுங்கள். தூரம் சரியாகத் தெரிய ஆரம்பித்தால் பிரேக் போட வேண்டிய இடமும் சரியாகத் தெரியும்.

---

இரண்டாம்_கியர் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. இன்று காலை 900க்கு மாற்றினேன், ஃபோர்ஸை 65க்குக் குறைத்தேன். சிவப்புப் பட்டை முன்பு கிட்டத்தட்ட எல்லா வளைவிலும் இருந்தது, இப்போது கெர்ப்பில் மட்டும்தான் வருகிறது. ஷூ வைத்தியமும் செய்தாயிற்று, எங்கள் வீட்டில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. பிரேக் பெடல் பாதிக்கு மேல் கல் மாதிரி இருக்கிறது, முழுசாக மிதிக்கவே முடியவில்லை. இது பழுதா? அப்புறம், நேர்பாதையில் முழு ஆக்சிலரேட்டரில் போகும்போது திரையில் ஆக்சிலரேட்டரின் பச்சைப் பட்டை அவ்வப்போது துடிக்கிறது. கால் அசையவே இல்லை.

---

திருப்புளி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இந்தத் துடிப்பு எனக்கு நன்றாகவே பழக்கம்.

பல பெடல்களில் உள்ளே பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுகிற குமிழ் கரகரக்குமே, அதே சாமான்தான். ஒரு தடத்தின் மேல் சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். அதில் தூசி ஏறினாலோ தடம் தேய்ந்தாலோ மதிப்பு துள்ளும். என்னுடைய பழைய பெடலில் நீளமான நேர்பாதையில் வண்டி திடீர் திடீரென்று மூச்சு வாங்கும். இன்ஜின் மாடலில் கோளாறு என்று நினைத்து கேமைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருந்தேன்.

இணைப்பைக் கழற்றிவிட்டு, காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கொஞ்சம் அடித்து, பெடலை ஐம்பது அறுபது தடவை மேலும் கீழும் ஆட்டுங்கள். காய்ந்ததும் மாட்டுங்கள். மின்னணுச் சாமான்களுக்கு என்று விற்கிற ஸ்பிரேதான் வேண்டும், துருவுக்கு அடிக்கும் எண்ணெய் வேண்டாம். ஆனால் உங்களுடையது மூன்று வாரப் பெடல். வாரண்டி இருக்கும்போது திறக்காதீர்கள், முதலில் விற்றவரிடம் கேளுங்கள். அதுவரைக்கும் கேமிலோ டிரைவரிலோ ஆக்சிலரேட்டரின் மேல்முனையில் 3 சதவீதம் டெட்சோன், அதாவது அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி, கொடுத்துப் பாருங்கள். உச்சத்தில் வரும் சின்னத் துடிப்பு அதற்குள் அடங்கிவிடும்.

பிற்காலத்தில் பெடல் மாற்றினால் காந்தத்தில் இயங்கும் ஹால் சென்சார் உள்ளதாகப் பாருங்கள். அதில் உரசுவதற்கு எதுவும் இல்லை, தேயவும் தேயாது.

---

உள்விளிம்பு எழுதியது:

பிரேக் கல் மாதிரி இருப்பது பழுது இல்லை. உள்ளே ஸ்பிரிங்கோடு ஒரு ரப்பர் கட்டை வைத்திருப்பார்கள், நிஜ பிரேக்கின் அழுத்தத்தைக் காட்டுவதற்காக. பெடல் பாதி தூரம் போனதும் அது கட்டையைத் தொடும், அங்கிருந்து கடினமாகிவிடும். சிலர் திறந்து கட்டையை எடுத்துவிடுவார்கள். நான் எடுக்க வேண்டாம் என்பேன்.

காலுக்குத் தூரம் அவ்வளவாக நினைவிருக்காது, அழுத்தம் நினைவிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பாதத்தை மூன்று செ.மீ. கீழே கொண்டுபோ என்றால் தடுமாறுவோம், போன தடவை அழுத்திய அளவு அழுத்து என்றால் கிட்டத்தட்ட சரியாக அழுத்துவோம். லோட் செல் பெடல்கள் தூரத்தை விட்டுவிட்டு அழுத்தத்தை அளப்பது இதனால்தான். உங்களுடையது தூரத்தை அளக்கும் பெடல் என்றாலும் அந்த ரப்பர் கட்டை காலுக்கு ஓர் அடையாளம் கொடுக்கிறது. கேமின் அளவீட்டில், நீங்கள் பலமாக ஆனால் சிரமமில்லாமல் அழுத்துகிற இடத்தை 100 சதவீதம் என்று பதிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு பயிற்சி. மோன்சாவின் நேர்பாதையில் முழு வேகம் எடுங்கள். முதல் சிக்கேனுக்கு முன்னால் ஒரே இடத்தில் பிரேக் போடுங்கள். திருப்பவே வேண்டாம், நேராக நிறுத்துங்கள். டயர் கிறீச்சிடத் தொடங்கும் இடத்தைக் காதில் கேளுங்கள், அங்கிருந்து ஒரு மயிரிழை காலை எடுங்கள். வேகம் குறையக் குறைய இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கும். இருபது தடவை செய்யுங்கள், சலிக்கத்தான் செய்யும். முன்சக்கரம் பூட்டாமல் நிற்கப் பழகியதும், கடைசிப் பகுதி பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வளைவுக்குள் திருப்புங்கள். முன்பக்கம் பாரம் இருக்கும்போது திருப்புவதால் வண்டி கேட்டபடி உள்ளே வரும். கேம்பேடிலும் இதைச் செய்ய முடியும்தான், ஆனால் ஒரு விரலின் ஒரு செ.மீ. அசைவில் இவ்வளவு நுணுக்கம் கொண்டுவருவது கஷ்டம்.

ஷூ இல்லாமல், வெறும் சாக்ஸோடு மிதித்துப் பாருங்கள். எனக்கு அதுதான் ஒத்துவருகிறது.

---

நீண்ட_சாலை எழுதியது:

நான் ரேஸ் ஆள் இல்லை, யூரோ டிரக் சிமுலேட்டர் 2 ஆள். 2012இல் வந்த கேம், இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறேன். இங்கே எழுதலாமா என்று யோசித்தேன், ஆனாலும் சொல்கிறேன். லேப் நேரத்தைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்தால் ஒரு மாலை டிரெய்லரை ரிவர்ஸில் நிறுத்திப் பாருங்கள். 900 டிகிரியும் அப்போதுதான் வேலைக்கு வரும். வலதுபக்கம் திருப்பினால் டிரெய்லரின் பின்பக்கம் இடதுபக்கம் போகும், மெதுவாகத் திருப்பி மெதுவாக விட வேண்டும். கை தளர்வாகப் பிடிக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன், அவசரம் என்பதே இல்லாத இடம் அது. மழையில் வைப்பர் ஓட, இருட்டில் தனியாகப் போகும்போது இந்த வீலைக் கையில் பிடித்திருப்பதே எனக்குப் போதும்.

---

இரண்டாம்_கியர் எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன்.

ஆக்சிலரேட்டர் துடிப்பு 3 சதவீத டெட்சோனில் நின்றுவிட்டது. இருந்தாலும் விற்றவருக்கு எழுதிவைத்திருக்கிறேன். மானிட்டரைச் சுவரில் பொருத்திய மானிட்டர் ஆர்மில் மாட்டி 62 செ.மீ.க்குக் கொண்டுவந்தேன். முதல் இரண்டு நாள் பக்கத்தில் எதுவுமே தெரியவில்லை, மூன்றாம் நாள் பழைய கோணத்துக்குத் திரும்பிப் பார்த்தேன், முதல் சிக்கேன் எங்கோ தூரத்தில் இருக்கிற மாதிரி தெரிந்தது. உடனே மாற்றிவிட்டேன்.

பிரேக் பயிற்சியை இருபது இல்லை, தினமும் பத்து வீதம் எட்டு நாள் செய்தேன். இப்போது பத்துக்கு எட்டு தடவை பூட்டாமல் நிற்கிறது.

லேப் நேரத்தில் கேம்பேடைவிட இன்னும் ஒரு நொடி பின்னால்தான். ஆனால் நேற்று தொடர்ந்து பத்து லேப் ஓட்டினேன், பத்தும் அரை நொடிக்குள் அடங்கியது. கேம்பேடில் இப்படி ஒருநாளும் ஓட்டியதில்லை, ஒரு லேப் அருமையாக வரும், அடுத்தது மணலில் போய் நிற்கும்.

உள்விளிம்பு அண்ணா, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேற்று ஏழாவது லேப். பாரபோலிகாவில் சற்று வேகமாகவே உள்ளே போய்விட்டேன். கை கனத்துக்கொண்டே வந்தது, அப்புறம் லேசானது. நீங்கள் எழுதிய அதே மாதிரி. யோசிக்கவே இல்லை, வலதுகால் தானாக ஒரு துளி மேலே வந்தது, முன்பக்கம் மறுபடி பிடித்தது, வீல் மறுபடி கனத்தது. வெளிவிளிம்புக் கெர்ப்பைத் தொட்டுக்கொண்டு வெளியே வந்தேன். லேப் நேரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். வீல் வந்த பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தேன், விற்பதானால் வேண்டும் என்று. இன்று காலை அதை மடித்துப் பரணில் போட்டுவிட்டேன்.

லெஸ்மோ இரண்டில் மட்டும் இன்னும் மூன்று தடவைக்கு ஒரு தடவை சுற்றுகிறேன். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முன்னாடியே மிதித்துவிடுகிறேன் என்று தோன்றுகிறது. ரீபிளே பதிந்து வைத்திருக்கிறேன், யாராவது பார்த்துச் சொல்கிறீர்களா?

---

உள்விளிம்பு எழுதியது:

அனுப்புங்கள். பெடல் பட்டைகள் தெரிகிற மாதிரி பதிந்திருந்தால் இன்னும் நல்லது. இன்று இரவே உட்கார்ந்து பார்க்கிறேன்.